மில்க்வெட்ச் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மில்க்வெட்ச் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு பட்டாளத்தின் பெயர். அஸ்ட்ராகலஸ் பேரினத்தில் ஏறத்தாழ 3000 இனங்கள் இருக்கின்றன, பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. இங்கே பேசப்போவது அதில் ஒன்றே ஒன்றைப் பற்றி: அஸ்ட்ராகலஸ் மங்கோலிகஸ். மெம்ப்ரனேசியஸ் என்ற பெயரிலும் விதை விற்கிறார்கள், சீனத்தில் ஹுவாங்சி என்பார்கள். வட சீனா, மங்கோலியா, கொரியா, சைபீரியா பக்கத்துப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் தானாக வளரும் பல்லாண்டுச் செடி, அவரைக் குடும்பம், சீன மருத்துவத்தில் பயன்படும் வேருக்காக வளர்ப்பது. ஒருமுறை பிடித்துக்கொண்டால் வருடக்கணக்கில் நிற்கும். பிடித்துக்கொள்ளும் வரைதான் பாடு.

கீழே இருப்பவற்றில் உங்கள் செடியில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கே மட்டும் படித்தால் போதும். ஆனால் எதைப் படிப்பதாக இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் செடியின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. நன்றாக வளர்ந்த ஆணிவேர் 30 முதல் 90 சென்டிமீட்டர் வரை நேராக இறங்கும். இலையில் என்ன தெரிந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேரைத்தான், அதிலும் நாம் ஊற்றுகிற தண்ணீரை.

விதைத்து ஒரு மாதம் ஆகியும் எதுவும் முளைக்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விதை செத்துப்போனது என்று நினைத்து மண்ணோடு கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் விதை நன்றாகவே இருக்கும், தண்ணீர்தான் உள்ளே போயிருக்காது. அவரைக் குடும்பத்தில் பல செடிகளுக்கு இருப்பதுபோல இதற்கும் விதைத்தோல் அவ்வளவு இறுக்கம், மண்ணில் ஈரம் எவ்வளவு இருந்தாலும் வாசலிலேயே நிற்கும். காட்டில் இருக்கும் செடிக்கு இது நல்ல ஏற்பாடு. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்து ஒரே வறட்சியில் சாகாமல், விட்டுவிட்டு முளைக்கும். அவசரம் நமக்குத்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு ராத்திரி போதும். பத்து விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி, தோல் மங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கும். மற்றவை போட்டது போட்டபடி சின்னதாக, பளபளப்பாக அடியில் கிடக்கும், நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி. உப்பியவற்றை அன்றைக்கே விதைத்துவிடலாம். உப்பாதவற்றைத் துணியில் ஒற்றி, நன்றாகக் காயவைத்து, தோலைக் கீற வேண்டும்.

விதையின் அளவே 3 மில்லிமீட்டர்தான், சிறுநீரக வடிவம், அதனால் கத்தியை எடுத்தால் விரல்தான் வெட்டுப்படும். நைஸ் ரக உப்புத்தாள் இரண்டு துண்டு எடுத்து, சொரசொரப்பான முகங்களுக்கு நடுவில் விதைகளைப் பரப்பி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்ததும் தாளைத் தூக்கிப் பாருங்கள், பழுப்புத் தோலின் மினுமினுப்பு போய் மேலே மங்கலான கீறல்கள் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிறிய உட்பகுதி தெரிகிற அளவுக்குத் தேய்த்தால் அந்த விதை மண்ணில் அழுகும். முதல் தடவை நான் ஆர்வக்கோளாறில் அழுத்தித் தேய்த்து, பாதி விதையைப் பருப்பு உடைத்தது போல இரண்டிரண்டாக்கி வைத்தேன்.

கீறியதை மறுபடி ஒரு ராத்திரி ஊறவைத்து, உப்பியதை மட்டும் எடுத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். 15 முதல் 25 டிகிரி வரை வெப்பம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வளைந்த கழுத்தோடு மேலே வரும். மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் ஈர மணலில் வைத்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. செய்யலாம், முளைப்பு கொஞ்சம் ஒரே சீராக வரும், ஆனால் தோலைக் கீறாமல் குளிரில் மட்டும் வைத்துவிட்டு அதிசயத்துக்குக் காத்திருக்காதீர்கள். கொதிநீர் ஊற்றுகிற வித்தையை நான் செய்வதில்லை, கொஞ்சம் கூடிப்போனாலும் விதை வெந்துவிடும்.

முளைத்த நாற்று கழுத்தொடிந்து சாய்கிறது

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து, தண்ணீர் கோத்ததுபோல் நிறம் மாறி, மேலே பச்சையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிட்டால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் என்று பல பூஞ்சைகளும் பூஞ்சை போன்றவையும் இதற்குக் காரணம். எதுவாக இருந்தாலும் விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் நிற்பதைத்தான் காப்பாற்றலாம். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள், மூடி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் காற்றாட விடுங்கள், மேலிருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், மேல்மண் தொட்டால் உலர்ந்து தெரிகிற வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். அடுத்த முறை விதைக்கும்போது பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாமல், பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து பாருங்கள்.

நாற்று விழாமல், வெட்டினாற்போல் தண்டு மட்டும் நின்றால் அது நத்தை வேலை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் ஆளைப் பிடிக்கலாம்.

பிடுங்கி நட்டேன், அன்றைக்கு நின்றது அப்படியே நிற்கிறது

ஆணிவேர் நுனி ஒடிந்திருக்கும். இரண்டு மூன்று கூட்டிலை வருவதற்குள்ளேயே வேர் அதைவிடப் பல மடங்கு நீளம் இறங்கிவிடுவதால், ஆழமில்லாத குழித்தட்டில் வளர்த்த நாற்றின் வேர் அடியில் முட்டி வட்டமடித்துக் கிடக்கும். அதை எடுத்து நட்டால் செடி சாகாது, ஆனால் வளர்ச்சி நின்றுபோய், பிறகு நாலைந்து காலாகக் கிளைத்துவிடும். பூவுக்காக வளர்ப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், வேருக்காக வளர்ப்பவர்களுக்கு அது நஷ்டம்தான்.

முடிந்தால் நேரடியாக நிலத்திலேயே விதையுங்கள், 30 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி. முடியாதென்றால் உயரமான காகிதக் குழாயில் விதைத்துக் குழாயோடே புதைத்துவிடுங்கள். சீனாவில் வணிக அளவில் பயிரிடுபவர்கள் ஓராண்டு வேரைத் தோண்டியெடுத்து, சால் போட்டு, சாய்வாகவோ படுக்கையாகவோ வைத்து மறுபடி நடுவதும் உண்டு. ஆக, இடம் மாற்றவே கூடாது என்பதில்லை. இலை எல்லாம் உதிர்ந்து செடி உறங்கும் காலத்தில், வேரை முழுசாக எடுத்துச் செய்தால் தாங்கும். பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும்போது கை வைத்தால் தாங்காது.

முதல் வருடம் முடிந்தும் ஒரு சாண் செடிதான், பூவும் இல்லை

சரியாகத்தான் இருக்கிறது, விட்டுவிடுங்கள். முதல் வருடம் முழுக்க அது கீழே கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வருடத்திலிருந்து வளர்ச்சி வேகம் பிடிக்கும், நல்ல இடத்தில் ஒரு மீட்டர் உயரம்கூட வரும், வெளிர்மஞ்சள் பூங்கொத்தும் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். "ஏன் வளரவில்லை" என்று உரம் போட ஆரம்பித்தீர்கள் என்றால் கீழே சொல்லப்போகும் பாதிக் கோளாறுகளை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எப்படி மஞ்சள், இதைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

அடியில் இருக்கும் இரண்டு மூன்று பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்து, மேலே எல்லாம் நல்ல பச்சை என்றால் வயசானது விழுகிறது, அவ்வளவுதான்.

அடியிலிருந்து தொடங்கி மஞ்சள் மேலே ஏறுகிறது, மண்ணுக்குள் விரலை விட்டால் சில்லென்று ஒட்டுகிறது என்றால் வேருக்குக் காற்று இல்லை. தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டி என்றால் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் தூக்கி வைத்துப் பாருங்கள், தேங்கிய நீர் கொட்டுகிறதா என்று. நிலம் என்றால், அதுவும் களிமண் என்றால், மேட்டுப்பாத்திக்கு மாறாமல் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. இது மணற்பாங்கான, ஆழமான, நீர் சட்டென்று வடிகிற மண்ணில் பழகிய செடி. நன்றாக வேர்விட்ட பிறகு மண் காய்ந்து காய்ந்து நனைவதைத்தான் விரும்பும்.

முழுச் செடியும் ஒரே மாதிரி வெளிறி, வளர்ச்சியும் மந்தமாக இருந்தால் தழைச்சத்து போதவில்லை. "அவரைக் குடும்பம்தானே, தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுமே" என்று கேட்பீர்கள். எடுத்துக்கொள்ளும், ஆனால் வேர்முடிச்சில் குடியேற வேண்டிய பாக்டீரியா உங்கள் மண்ணில் இருந்தால்தான். அஸ்ட்ராகலஸ் இனங்களோடு சேருவது பெரும்பாலும் மெசோரைசோபியம் வகையைச் சேர்ந்தவை. நிலக்கடலைக்கோ சோயாவுக்கோ விற்கிற ரைசோபியப் பொட்டலத்தை வாங்கித் தூவினால் பொருந்தாமல் போகலாம், பொட்டலத்தில் அஸ்ட்ராகலஸ் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏற்கனவே நன்றாக வளர்கிற மில்க்வெட்ச் ஒன்றின் அடிமண்ணில் ஒரு கைப்பிடி கிடைத்தால் அதைப் புதுச்செடியின் குழியில் போடுவதும் வேலை செய்யும், அந்தச் செடிக்கு வேர்நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். செடியின் ஓரமாக மண்ணை மெதுவாக விலக்கி, பக்கவேர் ஒன்றில் இருக்கும் முடிச்சு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, அறுத்த இறைச்சி நிறத்தில் இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. முடிச்சே இல்லை என்றால் முதலில் உரத்தைச் சந்தேகப்படுங்கள், மண்ணில் தழைச்சத்து ஏராளமாகக் கிடந்தால் செடி முடிச்சுப் போடுகிற சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. இலவசச் சாப்பாடு கிடைக்கும்போது யார் சமைப்பார்கள்?

கடைசியாக, புது இலைகள் மட்டும் மஞ்சள், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகின்றன என்றால் இரும்புச்சத்துக் குறைவு. லேசான கார மண்ணை இந்தச் செடி தாங்கும், ஆனால் சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மட்கு கலந்துவிடுவதும் இரும்புக் கரைசலை இலைவழி தெளிப்பதும் தற்காலிகமாக உதவும்.

மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது

ஓரிரு நாள் கடுமையான வெயிலில் இப்படி நடந்தால் கண்டுகொள்ள வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே தினமும் வாடி, நாளுக்கு நாள் நிமிர்வது தாமதமாகி, ஒருநாள் நிமிராமலே போனால் அது வேரழுகல், பெரும்பாலும் ஃபியூசேரியம். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, அதுதான் செடியை முடித்து வைக்கிறது.

தூரை ஒட்டி இரண்டு அங்குலம் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். நல்ல வேரின் தோல் வெளிர்பழுப்பாக, இறுக்கமாக இருக்கும். அழுகிய வேரின் தோல் விரலால் நெருடினாலே உறை மாதிரி கழன்று வரும், அடியில் பழுப்புக் கோடுகள் தெரியும். அந்த நிலைக்குப் போனதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் ஒரே வழி, மட்குக் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் அடுத்த சில வருடங்களுக்கு இதையோ வேறு அவரை இனத்தையோ நடாதீர்கள், தானிய வகை ஏதாவது போடலாம். பக்கத்துச் செடிகளுக்குத் தூரில் அணைத்த மட்கு, மூடாக்கு எல்லாவற்றையும் ஒரு கையகலம் விலக்கி, வெயிலும் காற்றும் படவிடுங்கள்.

தொடக்க நிலையிலேயே பிடித்துவிட்டால், தண்ணீரை நிறுத்தி வடிகாலைச் சரிசெய்ததிலேயே தேறிவிட்ட செடிகளும் உண்டு. என்னிடம் ஒன்று தேறியது, இரண்டு போனது.

இலை மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை

சாம்பல் நோய். கோடையின் பின்பாதியில், செடிகள் நெருக்கமாக நின்று காற்றோட்டம் இல்லாத இடத்தில் வரும். இலை நனையாமலே பரவும் பூஞ்சை இது, அதனால் "நான் இலையில் தண்ணீரே படவிடவில்லையே" என்று சொல்லிப் பயனில்லை. அதிகம் பிடித்த தண்டுகளை வெட்டி எடுங்கள், நனையும் கந்தகம் தெளியுங்கள், காலையிலோ மாலையிலோ மட்டும். உச்சி வெயிலில் தெளித்தால் நோயை விட மருந்தே இலையைக் கருக்கிவிடும். வளரும் பருவத்தின் கடைசியில் வந்தது என்றால் நான் எதுவும் செய்வதில்லை, எப்படியும் உதிரப்போகிற இலை.

செடி தரையில் படுக்கிறது

நிழல் அதிகம், அல்லது தழைச்சத்து அதிகம். ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டு அடுத்த வருடம் உரத்தைக் குறையுங்கள். இளம் நுனியில் அசுவினி மொய்த்து இலை சுருண்டிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், எறும்பு இருக்கும் வரை அசுவினி திரும்ப வரும்.

குளிர்காலம் வந்தது, செடியையே காணோம்

தண்டும் இலையும் மொத்தமாகக் காய்ந்து மடிவது இதன் இயல்பு. மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. பிறந்த இடத்துக் கடுங்குளிரைத் தாங்கிய செடி, பனி அதை ஒன்றும் செய்யாது. பனி உருகிய தண்ணீர் தேங்கினால்தான் செய்யும். நட்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், இல்லையென்றால் மறந்துபோய் மண்வெட்டியை நீங்களே போட்டுவிடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் தூரில் ஒரு விரல் ஆழம் மட்டும் மண்ணை ஒதுக்கிப் பாருங்கள், வேரின் தலையில் சின்னச் சின்ன வெளிறிய மொட்டுகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது, மூடிவிடுங்கள்.

குளிர்காலமே இல்லாத இடத்தில் வளர்ப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. செடிக்கு உறக்கம் கிடைக்காமல், வெப்பத்திலேயே தொடர்ந்து நின்று, இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போகும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம், ஆழமான தொட்டி, மண்ணைக் குளிர்ச்சியாக வைக்க மூடாக்கு, இவ்வளவுதான் நம்மால் முடியும்.

பூ ஊதாவாக வந்திருக்கிறது

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வேறு இனம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மங்கோலிகஸின் பூ வெளிர்மஞ்சள்; கூட்டிலையில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சிற்றிலைகள், மெம்ப்ரனேசியஸ் வடிவத்தில் 13 முதல் 27, மங்கோலிகஸ் வடிவத்தில் 25 முதல் 37 வரை சின்னச் சின்னதாக. காய் சவ்வு மாதிரி மெல்லிசாக, காற்றடைத்ததுபோல் உப்பித் தொங்கும், மெம்ப்ரனேசியஸ் என்ற பெயரே அந்தச் சவ்விலிருந்து வந்ததுதான். மஞ்சள் பூ இருந்தும் மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடி அக்கம்பக்கத்தில் எல்லாம் முளைக்கிறது என்றால் அது தீவனத்துக்கு வளர்க்கும் சைசர் மில்க்வெட்சாக இருக்கலாம்.

பெயர் தெரியாத இனத்தின் வேரை வாயில் வைக்கவே கூடாது. வட அமெரிக்காவில் லோக்கோவீட் என்று சொல்லப்படுபவற்றில் பல இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவைதான். அவற்றுக்குள் வாழும் ஒரு பூஞ்சை ஸ்வைன்சோனின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது, தொடர்ந்து மேய்ந்த ஆடு மாடுகள் தள்ளாடி நரம்பு கெட்டுச் சாகும். வேறு சில இனங்கள் மண்ணிலிருந்து செலினியத்தை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும், அவற்றில் சில பக்கத்தில் போனாலே பூண்டு அழுகியதுபோல் நாறும். சரியான இனமே என்றாலும், நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

சேர்த்து வைத்த விதையில் ஊசித்துளை

பூ பூக்கும்போதே ஒரு சின்னக் குளவி பிஞ்சுக் காய்க்குள் முட்டையிட்டுப் போயிருக்கும். அதன் புழு விதையைத் தின்று, துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளைவிழுந்த விதை காலி, தண்ணீரில் போட்டால் மிதக்கும், அள்ளி எரித்துவிடுங்கள். காய் மஞ்சளாகி விதை பழுப்பு ஏறியதுமே பறித்துவிடுவது நல்லது, செடியிலேயே முற்ற முற்றத் தோல் இன்னும் இறுகும், அப்புறம் உப்புத்தாளோடு உட்கார வேண்டியதுதான்.

தோண்டினேன், வேர் நாலு காலாக இருக்கிறது, உள்ளே கறுத்திருக்கிறது

கிளைத்ததற்குக் காரணம் கல், இறுகிய அடிமண், மட்காத சாணம், அல்லது சின்ன வயதில் இடம் மாற்றியது. கரளை கரளையாக வீங்கியும் இருந்தால் நூற்புழு. தழைச்சத்து முடிச்சைக் கிள்ளினால் உதிர்ந்துவிடும், நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும், உதிராது.

உள்ளே கறுத்தது வேறு கதை. நாலைந்து வயது வேரைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை வளையம், நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கோடுகள், சீனத்தில் இதைச் சாமந்தி நெஞ்சு என்கிறார்கள். ஒரு துண்டை மென்றால் லேசான இனிப்பு, கூடவே பச்சை அவரையின் வாடை. வயது மிகவும் ஏறிய வேரில் அந்த மஞ்சள் நடுப்பகுதி கரும்பழுப்பாக உளுத்து, சில சமயம் குழாய் மாதிரி ஓட்டையாகவே போய்விடும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதி கெட்டியாக வெள்ளையும் மஞ்சளுமாக இருந்தால் அதை நறுக்கி நிழலில் காயவைக்கலாம். இளம் வேரிலேயே கறுப்பு, அதுவும் தோல் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது என்றால் அது வயசு இல்லை, வேரழுகல். மேலே போய் அதைப் படியுங்கள்.